வேறு கை வரைந்தாலும் மாறாத முகம்: கார்ட்டூன் கேரக்டர் உருவாக்கும் முறை

1928இல் நியூயார்க்கில் அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்.சி.ஏ. தொலைக்காட்சி ஒளிபரப்பைச் சோதித்தபோது கேமராவுக்கு முன்னால் நிறுத்தியது ஒரு பொம்மையை. காகிதக்கூழில் செய்த கார்ட்டூன் பூனை ஃபெலிக்ஸ் அது. சுழலும் தட்டின் மேல் நின்றது. அன்றைய திரையில் தெரிந்தது 60 கோடுகளால் ஆன மங்கல் படம்தான். ஆனாலும் கூர்மையான இரண்டு காது, கறுத்த உடல், வெளுத்த முகம் என்று அது ஃபெலிக்ஸ்தான் எனத் தெரிந்தது.

ஃபெலிக்ஸ் 1919இல் பாட் சலிவன் ஸ்டுடியோவில் பிறந்தது. வரைந்தவர் ஆட்டோ மெஸ்மர். உடலை முழுக்கக் கறுப்பாக நிரப்பியதற்குக் காரணம் வேலை மிச்சம்: உள்கோடுகள் போட வேண்டாம், மை அடைத்தால் போதும். அந்தச் சிக்கனம்தான் அதற்கு மறக்க முடியாத உருவத்தைக் கொடுத்தது. பல பத்தாண்டுகள் நிலைத்த கார்ட்டூன்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் இதே கதை இருக்கும். ஆயிரக்கணக்கான முறை, பல பேர் கையால், அவசரமாக வரையப்பட வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் தேவையில்லாததையெல்லாம் உதிர்த்தது. எஞ்சியது குழந்தையின் நோட்டுப் புத்தக ஓரத்திலும் அடையாளம் தெரிகிற உருவம்.

ஆகவே புதிதாக ஒரு கேரக்டர் உருவாக்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி "அழகாக இருக்கிறதா" என்பதில்லை. "வேறொருவர் வரைந்தாலும் இது இதுவாகவே இருக்குமா" என்பதுதான். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்குத்தான் வேலை செய்கிறது.

தேவையான பொருள்கள்

தாளில் என்றால் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 200, வெளிர்நீலப் பென்சில் ஒன்று, 2பி பென்சில் ஒன்று, கறுப்பு மார்க்கர் ஒன்று. அசைவுக்குத் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நகராமல் உட்கார வேண்டும். அலுவலகங்களில் இருக்கும் இரட்டைத் துளை பஞ்சிங் மெஷினால் துளையிட்டு, அதே இடைவெளியில் இரண்டு ஆணி அடித்த பலகையில் மாட்டினால் ஆரம்பத்துக்குப் போதும். கண்ணாடிக்கு அடியில் எல்இடி விளக்கு வைத்தால் அடுத்த தாள் வழியாகக் கீழ்ப்படம் தெரியும். கணினியில் என்றால் கிருத்தா, ஓபன்டூன்ஸ் இரண்டும் இலவசம். இரண்டிலும் முன்படத்தையும் பின்படத்தையும் மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதி இருக்கிறது. 1920க்கு 1080 பிக்சல், நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் ஒரு கணம் நிற்கும் ஒற்றைப் படம்) என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் ஃபிரேம் வேகத்தை மாற்றினால் போட்ட கணக்கெல்லாம் கெடும்.

பென்சிலைத் தொடும் முன் இரண்டு வரி

முதல் வரி: இதற்கு என்ன வேண்டும்? இரண்டாம் வரி: இது எதை ஒருநாளும் செய்யாது?

இரண்டாவதுதான் கடினம், அதுதான் முக்கியமும்கூட. 1949இல் சக் ஜோன்ஸ் இயக்கத்தில் வந்த ரோட் ரன்னர் பறவையும் அதைத் துரத்தும் கயோட்டி நரியும் அப்படிப்பட்ட கட்டுப்பாடுகளால் ஆனவை. பறவை சாலையை விட்டு விலகாது. "பீப் பீப்" என்று கத்துவதைத் தவிர நரிக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. நரிக்கு விழும் அடியெல்லாம் அதன் பிடிவாதத்தாலும், ஆக்மி கம்பெனி அனுப்பும் கருவிகளின் கோளாறாலும், புவியீர்ப்பாலும் வருபவை. பக்ஸ் பன்னி முயலுக்கு அதே ஜோன்ஸ் வைத்த விதி: அது தானாக வம்புக்குப் போகாது, சீண்டினால்தான் திருப்பிக் கொடுக்கும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் அந்த முயல் வெறும் தொல்லைக்காரன்.

இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு, பண்புப்பெயர்களாக எழுதித் தள்ளுவது: துறுதுறுப்பானவன், நல்லவன், தைரியசாலி. இவற்றை வரைய முடியாது. சோட்டா பீமுக்கு லட்டு தின்றால் பலம் வரும் என்பதை வரையலாம். ஆசையும் தடையும் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகவோ செயலாகவோ இருக்க வேண்டும். வசனமில்லாமல் அந்த இரண்டு வரியை நடித்துக் காட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். டாம் அண்ட் ஜெர்ரிக்கு எந்த மொழியிலும் டப்பிங் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. சென்னையிலும் சாவோ பாலோவிலும் ஒரே இடத்தில் சிரிப்பு வருகிறது. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த மைட்டி லிட்டில் பீம் தொடரும் ஏறக்குறைய பேச்சே இல்லாதது. குழந்தை பீம் வாய் திறக்காமலே பல நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தான்.

நிழலுருவம்

ஒரு தாளில் 3 செ.மீ. உயரத்தில் 20 சிறு உருவங்கள் வரையுங்கள். பென்சில் வேண்டாம், நேராக மார்க்கர். கண், மூக்கு, சட்டை எதுவும் கிடையாது. கறுப்புத் திட்டு மட்டும். முதல் ஏழெட்டு எங்கோ பார்த்தவை போலவே வரும், ஏனென்றால் கைக்குப் பழகியது அதுதான். அதற்குப் பிறகு வருபவற்றில்தான் சரக்கு இருக்கும், 10இல் நிறுத்திவிடாதீர்கள்.

பிறகு தாளைச் சுவரில் ஒட்டி 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தலை எது, முன்பக்கம் எது, எந்த மனநிலை என்று தெரிகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேட் க்ரோனிங் சிம்ப்ஸன் குடும்பத்தை 1987இல் உருவாக்கியபோது நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிட வேண்டும் என்று திட்டமிட்டார். மகன் பார்ட்டின் ரம்பப்பல் முடியும் அம்மா மார்ஜின் கோபுரக் கொண்டையும் அந்தத் திட்டத்தின் விளைவு.

நிழல் கெடுவதற்கு முக்கியக் காரணம், கையும் பொருளும் உடலுக்கு முன்னால் வந்துவிடுவது. வயிற்றுக்கு முன் பிடித்த ஆப்பிள் நிழலில் காணாமல் போகும். பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் தெரியும். மிக்கி மவுஸ் இதை நேரடியாகச் சந்தித்தது. 1928இல் வந்த ஸ்டீம்போட் வில்லி படத்தில் அதன் கை கறுப்பு, உடலும் கறுப்பு. கை உடலுக்கு முன் வந்தால் கரைந்துவிடும். 1929இல் வெள்ளைக் கையுறை மாட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. இன்று அந்தக் கையுறைதான் அதன் அடையாளங்களில் ஒன்று. உங்கள் கேரக்டரிலும் உடலின் மேல் அடிக்கடி குறுக்கே வரும் பாகம் எது என்று கண்டுபிடித்து, அதற்கு எதிர் நிறம் கொடுங்கள்.

வடிவமும் விகிதமும்

தேர்ந்தெடுத்த நிழலை வட்டம், சதுரம், முக்கோணம், பேரிக்காய் இவற்றில் மூன்று நான்காகப் பிரியுங்கள். ஐந்துக்கு மேல் போனால் வடிவம் சிக்கலாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு வடிவம் மற்றவற்றை ஆள வேண்டும்: டோரேமானுக்கு வட்டம், ஸ்பாஞ்ச்பாபுக்குச் சதுரம்.

டோரேமானை வரையக் கற்றுத்தர ஜப்பானில் ஒரு வரைபாட்டே இருக்கிறது. வரி பாடப் பாட வட்டம், கோடு, புள்ளி என்று சேர்த்துக்கொண்டே போனால் கடைசி வரியில் டோரேமான் வந்துவிடும். கைகள் விரலில்லாத உருண்டைகள், காதே கிடையாது, வயிற்றில் அரைவட்டப் பை. 1969 இறுதியில் குழந்தைகள் இதழ்களில் தொடங்கிய அந்த உருவத்தை ஐந்து வயதுப் பிள்ளை தப்பில்லாமல் வரைகிறது. உங்கள் கேரக்டரை வரையும் வழியை ஆறேழு வாக்கியத்தில், படம் காட்டாமல், தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் இருப்பவர் வரைந்தது ஓரளவு ஒத்துவந்தால் வடிவம் தேறிவிட்டது.

உயரத்தைத் தலைக் கணக்கில் வையுங்கள். மொத்த உயரம் 2 முதல் 3 தலை என்றால் குழந்தைத்தனம், 4 தலை என்றால் சிறுவன், 6க்கு மேல் வீரன். கண்களைத் தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே இறக்கினால் நெற்றி பெரிதாகி இளமை கூடும். எண்களை எழுதி வைக்க வேண்டும்: "தலை 1, உடல் 0.8, கால் 0.7" என்பது போல. எழுதாத விகிதம் 30ஆவது படத்தில் மாறியிருக்கும். தலை சுருங்கி உடல் நீளும். கை தன்னையறியாமல் மனித விகிதத்தை நோக்கி இழுப்பதால் இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நேர்கிறது.

விரல் நான்கு போதும். மிக்கியின் சின்னக் கைக்கு ஐந்து விரல் அதிகம் என்று வால்ட் டிஸ்னி நினைத்தார். ஒரு விரல் குறைந்தால் வேலையும் குறையும். கணக்கைப் பாருங்கள்: 7 நிமிடப் படத்தில் 10,080 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 5,040 படம். சட்டையில் நீங்கள் ஆசையாகப் போடும் ஒரு பொத்தானை 5,040 முறை போட வேண்டும். கட்டம் போட்ட லுங்கி, பூப்போட்ட பாவாடை, சங்கிலி, சுருள்முடி ஆகியவை ஒற்றைப் படத்தில் அழகு, அசைவில் நடுங்கும். ஒவ்வொரு படத்திலும் கட்டங்கள் ஒரு நூல் இடம் மாறினாலும் துணி கொதிப்பது போலத் தெரியும். 1940இல் முதலில் வந்த டாம் பூனைக்கு நிறைய ரோமக் கோடுகள் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அவை குறைந்து வழவழப்பான டாம் வந்தது. நாம் நினைவில் வைத்திருப்பது அந்த டாமைத்தான்.

நிறம் ஐந்தைத் தாண்ட வேண்டாம். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சட்டையும் தோலும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை இருட்டாக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னணி வரைந்த பிறகு கேரக்டர் மறைகிறது என்று தலையில் கைவைப்பார்கள்.

முகமும் தமிழ் வாயசைவும்

ஆறு முகபாவம் முதலில் போதும்: சாதாரணம், சிரிப்பு, கோபம், அழுகை, பயம், யோசனை. புருவமும் கண்ணிமையும் வாயும் மட்டும் மாற வேண்டும். மண்டையோடு மாறக் கூடாது; சிரிக்கும்போது கன்னம் உப்பலாம், ஆனால் தலையின் மேல்பாதி அப்படியே நிற்க வேண்டும்.

வாயசைவுப் பட்டியல் என்று இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கில ஒலிக்குச் செய்தவை. தமிழுக்கு எட்டு வாய் தேவைப்படும். ம, ப: உதடு மூடியது. ஆ: நன்றாகத் திறந்தது, அ என்றால் அதில் பாதி. இ, ஈ, ச, ஞ, ய: பக்கவாட்டில் இழுத்துப் பல் தெரிவது. எ, ஏ, க, ங: நடுத்தரத் திறப்பு. ஒ, ஓ: வட்டம். உ, ஊ: சிறிய குவிப்பு. வ, ஃப: கீழுதடு மேற்பல்லைத் தொடுவது. த, ந, ட, ண, ல, ள, ழ, ர, ற: வாய் சற்றே திறந்து நாக்கு நுனி தெரிவது.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, இரட்டிப்பு. "அம்மா", "அப்பா" என்னும்போது உதடு மூடியபடியே நிற்கும் நேரம் அதிகம். ஒற்றை ம, ப வுக்கு 2 ஃபிரேம் என்றால் ம்ம, ப்ப வுக்கு 4 ஃபிரேம் கொடுங்கள். அந்த மூடலை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் டப்பிங் படம் போலத் தெரியும். இரண்டு, குற்றியலுகரம். "பாட்டு", "வந்து", "காது" என்று முடியும்போது நாம் உதட்டைக் குவிப்பதில்லை. எழுத்தில் உகரம் இருக்கிறதே என்று குவித்த வாயைப் போட்டால் கேரக்டர் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் முத்தம் கொடுப்பது போலிருக்கும். அங்கே சற்றே திறந்த வாய் போதும். ஆனால் "கூடு", "குடம்" என்று சொல்லின் முதலில் வரும் ஊகாரத்துக்கும் உகரத்துக்கும் குவிப்பு கட்டாயம் வேண்டும்.

வாயை ஒலிக்கு 1 அல்லது 2 ஃபிரேம் முன்னால் வையுங்கள். முந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், பிந்தினால் பொறுக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் மாற்றவும் வேண்டாம். அழுத்தம் விழும் உயிரொலியையும் மூடும் உதட்டையும் பிடித்தால் இடைப்பட்டதைப் பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்ளும்.

மாடல் ஷீட்

வரைபவர் எல்லோரும் பார்த்து வரையும் மாதிரித் தாள் இது. ஒரே தாளில் ஐந்து நிலை: நேர்முகம், முக்கால் (நேருக்கும் பக்கவாட்டுக்கும் இடையே திரும்பியது), பக்கவாட்டு, பின்முக்கால், முதுகு. முதலில் நேர்முகத்தை வரைந்து, உச்சி, கண், தாடை, இடுப்பு, முட்டி, பாதம் வழியாக நீலப் பென்சிலில் கிடைக்கோடு இழுங்கள். மற்ற நான்கும் அந்தக் கோடுகளுக்குள் நிற்க வேண்டும்.

முக்கால் நிலைதான் அதிகம் பயன்படும், அதில்தான் அதிகம் பிசகும். தொலைவுக் கண்ணை அகலத்தில் மட்டும் கால்பங்கு குறையுங்கள், உயரத்தைக் குறைக்காதீர்கள். முகத்தின் நடுக்கோடு வளைந்து போக வேண்டும். நேராகப் போட்டால் தலை தட்டையான பலகையாகிவிடும்.

சில பாகங்கள் எந்தக் கோணத்திலும் ஒரே வடிவில் இருக்கலாம், அது தவறில்லை. மிக்கி தலையை எப்படித் திருப்பினாலும் காது இரண்டும் முழு வட்டமாகவே தெரியும்; நிஜ உருவத்தில் அது நடக்காது. அடையாளத்துக்காக இயற்கையை விட்டுக்கொடுத்த இடம் அது. உங்கள் கேரக்டரில் அப்படி விட்டுக்கொடுக்கும் ஒன்று இருந்தால், அது எந்தக் கோணத்தில் எங்கே உட்காரும் என்பதைத் தனியாக வரைந்து காட்டியாக வேண்டும். வாயால் சொன்னால் மறந்துவிடும்.

ஷீட்டின் ஓரத்தில் "இப்படி வேண்டாம்" என்று மூன்று தப்புப் படங்களையும் போட்டு மேலே குறுக்குக் கோடு இழுத்து வையுங்கள். பத்துச் சரியான படத்தைவிட மூன்று தப்புப் படம் வேகமாகப் புரியவைக்கும்.

நடை

கேரக்டர் உயிர் பெறுவது இங்கேதான். முதல் நடைக்கு எட்டே படம் போதும். ஒவ்வொன்றும் 2 ஃபிரேம், மொத்தம் 16 ஃபிரேம், இரண்டு அடி. நொடிக்கு மூன்று அடி என்ற சுறுசுறுப்பான கார்ட்டூன் நடை.

ஓர் அடிக்கு நான்கு படம். ஃபிரேம் 1இல் ஊன்றல்: முன்கால் குதிகால் தரையில், பின்கால் விரல்நுனி தரையில், இரண்டு காலும் விரிந்து நிற்கும். ஃபிரேம் 3இல் தாழ்வு: முன்பாதம் முழுக்கப் பதிந்து முட்டி மடங்கும், உடலின் எடை இறங்கும், உடல் மிகத் தாழும் இடம் இது. ஃபிரேம் 5இல் கடப்பு: ஊன்றிய கால் நேராகும், மற்றக் கால் அதைத் தாண்டும். ஃபிரேம் 7இல் உயர்வு: ஊன்றிய கால் விரலால் உந்தும், உடல் மிக உயரும் இடம். ஃபிரேம் 9இல் மறுபடி ஊன்றல், இப்போது மறுகால் முன்னால். அங்கிருந்து இன்னொரு நான்கு.

எட்டாவது படம் ஃபிரேம் 15இல் வரும். ஃபிரேம் 17 என்பது மறுபடி முதல் படம்தான். அதைத் தனியாக ஒன்பதாவதாகச் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் விக்கும். நடை எங்கோ தட்டுகிறது, காரணம் தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேரக்டர் 400 பிக்சல் உயரம் என்றால் தாழ்வில் தலையை 16 பிக்சல் இறக்கி, உயர்வில் 16 பிக்சல் ஏற்றுங்கள். இதைக் குறைத்தால் உருவம் தரையில் வழுக்கிப் போகும்; இரட்டித்தால் துள்ளல் நடை வரும். எடை கூடிய கேரக்டருக்குத் தாழ்வை இன்னும் கூட்டி, உயர்வைக் குறையுங்கள்.

இப்போது பாதம் சறுக்கும் பிரச்சினை. ஓர் அடியின் நீளம் 160 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஊன்றிய பாதம் நான்கு படங்களில் 160 பிக்சல் பின்னால் போக வேண்டும், அதாவது படத்துக்கு 40. நான்கும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் 30, இன்னொன்றில் 50 என்று போனால் பனிக்கட்டியில் நடப்பது போல் இருக்கும். பின்னணியும் அதே வேகத்தில், 2 ஃபிரேமுக்கு 40 பிக்சல் நகர வேண்டும். பின்னணியை ஃபிரேமுக்கு 20 என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்த்தி, கேரக்டரை மட்டும் 2 ஃபிரேமுக்கு ஒருமுறை மாற்றினால் பாதம் தரையில் முன்னும் பின்னும் நடுங்கும், கணக்கு சரியாக இருந்தாலும்! இரண்டையும் ஒரே தாளத்தில் வையுங்கள், அல்லது கேரக்டருக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் படம் போடுங்கள்.

கை காலுக்கு எதிராக வீசும். மணிக்கட்டு ஒரு படம் தாமதமாகப் பின்தொடர்ந்தால் கை மரக்கட்டையாக இருக்காது. 1920, 30களில் வந்த ரப்பர் குழாய்க் கைகால் பாணியில் செய்கிறீர்கள் என்றால் முழங்கை, முட்டி எதுவும் கிடையாது, குழாய் வளைவு மட்டும். ஆனால் குழாயின் தடிப்பும் நீளமும் எல்லாப் படத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். நூல் ஒன்றை அளவுக்கு வெட்டி வளைத்துத் தாளில் வைத்துப் பார்ப்பது எளிய வழி.

அமுங்கலுக்கும் நீட்சிக்கும் ஒரே விதி, பருமன் மாறக் கூடாது. உயரம் 80 சதவீதமாக அமுங்கினால் அகலம் 125 சதவீதமாக விரிய வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 1 வரும். அகலத்தை மாற்றாமல் அமுக்கினால் கேரக்டர் ஒரு கணம் சிறியதாகிவிட்டது போலத்தான் தோன்றும். டிஸ்னி ஸ்டுடியோவில் பாதி நிரம்பிய மாவு மூட்டையை வரைந்து பழகினார்கள். முகமில்லாத மூட்டை குதிக்கவும் சோர்ந்து உட்காரவும் வேண்டும். நம் வீட்டில் அரை மூட்டை அரிசி இருந்தால் அதைச் சாய்த்தும் தூக்கியும் பார்த்து வரையுங்கள். எடை எங்கே தேங்குகிறது என்பது கைக்குப் பிடிபடும்.

ஆளும் நேரமும் குறைவாக இருந்தால்

ஹன்னாவும் பார்பெராவும் இயக்கிய டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் ஏழு ஆஸ்கர் வாங்கியவை. 1957இல் தொலைக்காட்சிக்குப் போனபோது அவர்களுக்கு அந்தப் பணமும் நேரமும் கிடைக்கவில்லை. அவர்கள் உருவாக்கிய யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் ஏன் இருக்கின்றன தெரியுமா? தலை தனி, உடல் தனி. உடலை அசையாமல் வைத்துத் தலையை மட்டும் மாற்றினால் இணைப்புத் தெரியாமல் காலர் மறைத்துக்கொள்ளும். தனி ஆளாகச் செய்பவர்களுக்கு இது பெரிய வரம். கழுத்தில் துண்டோ மாலையோ காலரோ கொடுத்து, உடல், தலை, கண், வாய் என நான்கு லேயராக (ஒன்றின்மேல் ஒன்று வைக்கும் தனி அடுக்காக) பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாம் நின்றுவிட்டால் படம் செத்துவிடும். 3 நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டட்டும்: பாதி மூடல் 2 ஃபிரேம், முழு மூடல் 2, பாதி திறப்பு 2. பேச்சின் அழுத்தமான சொல்லில் தலை 5 பிக்சல் இறங்கி எழும்பினால் போதும், உடல் நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பழைய முகத்தை எடுக்கலாமா

அமெரிக்காவில் 1928இன் ஸ்டீம்போட் வில்லி 2024 ஜனவரி 1 அன்றும், 1929 ஜனவரியில் செய்தித்தாள் படக்கதையில் தோன்றிய பொப்பாய் 2025 ஜனவரி 1 அன்றும் பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. வந்தது அந்த முதல் வடிவம் மட்டும். அந்த மிக்கிக்குக் கையுறை கிடையாது, படம் கறுப்பு வெள்ளை. பின்னாளில் சேர்ந்த மாற்றங்களுக்கு அவை வெளியான ஆண்டைப் பொறுத்துத் தனிக் கணக்கு. வணிகச்சின்ன உரிமை இன்னும் உயிரோடு இருப்பதால், அந்த முகத்தை உங்கள் கடைக்கோ பொருளுக்கோ அடையாளமாக வைத்தால் வழக்கு வரலாம். நாட்டுக்கு நாடு காலவரையும் வேறு. பழகுவதற்குத் தாராளமாகப் பார்த்து வரையுங்கள். விற்பதற்கு உங்களுடையதைச் செய்யுங்கள்.

ஒப்படைத்துப் பார்த்தல்

மாடல் ஷீட், முகபாவத் தாள், அந்த இரண்டு வரி. இந்த மூன்றையும் வரையத் தெரிந்த வேறு இருவரிடம் கொடுங்கள். கூட உட்காராதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். "தேங்காய் பறிக்கிறான்", "மழையில் நனைகிறான்", "பொய் சொல்கிறான்" என்று மூன்று நிலை மட்டும் கேளுங்கள்.

வந்த படங்களை உங்கள் ஷீட்டின் மேல் வைத்து விளக்கில் பாருங்கள். இருவரும் ஒரே இடத்தில் பிசகியிருந்தால் ஷீட் சரியில்லை. அந்த இடத்தைப் பெரிதாக்கித் தனிப்படம் சேருங்கள். இருவரும் ஒரு விவரத்தை மறந்தே போயிருந்தால், காதுக் கடுக்கனோ சட்டைப் பையோ, அது தேவைப்படாத விவரம், எடுத்துவிடுங்கள். இருவரும் உங்களைவிட நன்றாகச் செய்த இடமும் இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளத் தயங்க வேண்டாம். 1930களின் இறுதியில் டிஸ்னி ஓவியர் ஃப்ரெட் மூர் மிக்கிக்குப் பேரிக்காய் உடலும் கண்ணுக்குள் கருமணியும் கொடுத்தார். அதைப் படைத்தபோது முதலில் வரைந்த கை அப் ஐவர்க்ஸினுடையது. மூர் காதை மட்டும் வட்டமாகவே விட்டுவைத்தார்.

திருத்திய ஷீட்டின் மூலையில் தேதியும் பதிப்பு எண்ணும் எழுதி, பழைய ஷீட்டுகளை எல்லோரிடமிருந்தும் திரும்ப வாங்கிவிடுங்கள். இரண்டு பதிப்பு ஒரே நேரத்தில் மேசையில் கிடந்தால், ஒரே காட்சியில் இரண்டு விதத் தலை வரும்.